தேரும் முட்டுக்கட்டையும் - உராய்வின் கதை



உராய்வு என்றாலே பாடப்புத்தகத்தில் ஒரு மரக்கட்டையும் சுருள்வில் தராசும்தான் படமாக வரும். ஆனால் எங்கள் வ. புதுப்பட்டிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓடும் ஆண்டாள் தேர்தான் அது!

உராய்வு என்றால் என்ன? ஒன்றையொன்று தொடும் இரண்டு பரப்புகள் நகரும்போதோ, நகர முயலும்போதோ அதை எதிர்க்கும் விசை. இதை முதலில் ஆராய்ந்து எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஓவியர் லியொனார்டோ டா வின்சி (15ஆம் நூற்றாண்டின் கடைசியில்). அவர் குறிப்புகள் அப்போது வெளிவரவில்லை. பிறகு 1699ல் பிரான்சின் அமோன்டன் அதே விதிகளைத் தானாகவே கண்டுபிடித்தார்: எடை கூடினால் உராய்வும் கூடும், தொடும் பரப்பின் அளவு பெரிதாக இருந்தாலும் உராய்வு மாறாது. 1785ல் கூலும் இன்னும் விரிவாகச் சோதித்து எழுதினார். நின்றிருக்கும் பொருளை நகர்த்தத் தேவையான விசை, நகர்ந்தபின் இழுக்கத் தேவையானதைவிட அதிகம்.

தேர் இழுப்பவர்களுக்கு இது புத்தகம் பார்த்தா தெரியும்? நிலையிலிருந்து தேரைக் கிளப்பத்தான் பெரும்பாடு. முன்னால் வடம் பிடித்து இழுக்க, பின்னால் நெம்புகோல் போட்டு உந்துவார்கள். கிளம்பிவிட்டால் பிரச்சினை வேறு... நிறுத்துவது எப்படி? அங்கேதான் முட்டுக்கட்டை வருகிறது. ஓடும் சக்கரத்துக்கு முன்னால் ஆப்பு வடிவக் கட்டையைச் செருகினால், சக்கரம் கட்டையோடும் கட்டை தரையோடும் உராய்ந்து வேகம் குறையும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் போட்டால் தேர் அந்தப் பக்கமாகத் திரும்பும். ஒரு நொடி பிசகினாலும் கட்டை போடுபவரின் கைகாலுக்கு, ஏன், உயிருக்கே ஆபத்து. தேர் அவர் தலைக்கு மேல் நிற்கிறது, சக்கரம் பக்கத்திலேயே உருள்கிறது.

திருவாரூர் ஆழித்தேர் சுமார் 96 அடி உயரம், 300 டன் எடை என்கிறார்கள். அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஹைட்ராலிக் பிரேக்கிலும் எண்ணெயின் அழுத்தம் விசையைக் கடத்த மட்டுமே செய்கிறது. நிறுத்துவது உராய்வுதான்! அதே தேரை வீதி முனையில் திருப்ப, இரும்புத் தகடு போட்டு அதன்மேல் மசகு தடவிச் சக்கரத்தை வழுக்க வைக்கிறார்கள். நம் தாத்தாக்கள் மாட்டுவண்டி அச்சுக்கு வண்டி மை போட்டதும் இதே காரணத்துக்குத்தான். ஓரிடத்தில் உராய்வைக் கூட்ட வேண்டும், இன்னோரிடத்தில் குறைக்க வேண்டும்.

யாராவது ஒரு நல்ல காரியத்தைத் தடுத்தால் "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று திட்டுகிறோம். ஆனால் தேர் வீதியில் அந்தக் கட்டை இல்லையென்றால், இழுக்கும் கூட்டத்தின் மேலேயே தேர் ஏறிவிடும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர், கட்டை போடுபவர்கள் சிலர்தான். அடுத்த முறை தேர் பார்க்கப் போனால், கோபுரத்தைப் போல் ஆடி வரும் உச்சியை மட்டும் பார்க்காதீர்கள். கொஞ்சம் கீழே, சக்கரத்தின் ஓரத்தையும் பாருங்கள்.