ஐந்நூறு ஆண்டுக் கெடு

ஒரு மனிதன் இன்ன தேசத்துப் பிரஜை என்பதற்கு அவன் பிறந்த மண் சாட்சி சொல்லலாம், வாழும் ஊர் சாட்சி சொல்லலாம், பெற்றோரின் பெயர் சாட்சி சொல்லலாம். ஆனால் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே துரத்தப்பட்டவர்களின் சந்ததியார், தாங்கள் கண்ணாலும் கண்டிராத ஸ்பெயின் தேசத்தின் வாசலில் வந்து நின்று, "எங்கள் பூர்விகம் இதுதான், எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கேட்டதும், அத்தேசம் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி அவர்களை ஏற்றுக்கொண்டதும் உலக சரித்திரத்தில் அபூர்வமான சம்பவங்கள். ஹீப்ரு பாஷையில் ஸ்பெயினுக்குச் செஃபாராத் என்று பெயர். ஆகையால் அந்த மண்ணை விட்டுப் போன யூதர்களுக்குச் செஃபார்தியர் என்ற பெயர் நிலைத்தது.

1492-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி, ஸ்பெயினில் எஞ்சியிருந்த கடைசி முஸ்லிம் ராஜ்யமான கிரனாதா, இசபெல் ராணியிடமும் அவள் கணவர் பெர்னாந்து மன்னரிடமும் வீழ்ந்தது. மூன்று மாதங்கள்கூட நிறையாத நிலையில், மார்ச் 31-ஆம் தேதி, அதே ஊரின் அல்ஹம்ப்ரா மாளிகையிலிருந்து ஒரு சாசனம் பிறந்தது: யூதர்கள் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவர்களாக வேண்டும், இல்லையேல் ஜூலை மாத முடிவுக்குள் தேசத்தை விட்டு அகல வேண்டும். சொத்துக்களை விற்கலாம் என்று அனுமதி இருந்தது. பொன்னும் வெள்ளியும் நாணயமும் எடுத்துச் செல்லக்கூடாது என்று தடையும் இருந்தது. நான்கு மாதக் கெடுவில் ஊரே விற்க வந்தால் வாங்குகிறவன் என்ன விலை கொடுப்பான்? வீட்டைக் கொடுத்து ஒரு கழுதையையும், திராட்சைத் தோட்டத்தைக் கொடுத்துச் சிறிது துணியையும் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று அக்காலத்துப் பாதிரியார் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார்.

போனவர்களில் பலர் அண்டை நாடான போர்ச்சுகலில் தஞ்சம் புகுந்தார்கள்; ஐந்தே ஆண்டுகளில், 1497-ல், அங்கே பலவந்த மதமாற்றம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. மொராக்கோவின் பேஸ், தெத்துவான் முதலிய நகரங்களுக்குச் சிலர் போனார்கள். உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயெஸீத் தம் சாம்ராஜ்யத்தின் கதவுகளைத் திறந்துவிட, இஸ்தான்புல், இஸ்மிர், சாராயெவோ, அனைத்திலும் முக்கியமாகச் சலோனிக்கா ஆகிய நகரங்களில் அவர்கள் வேரூன்றினார்கள். நம் பக்கத்துக் கடற்கரையும் அவர்களை அறியும். கொச்சியில் 1568-ல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தைக் கட்டியவர்களில் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து வந்தோரும் இருந்தார்கள்; பதினேழாம் நூற்றாண்டுச் சென்னையில் போர்ச்சுகீசிய வம்சத்து யூத வணிகர்கள் பவளத்தை இறக்குமதி செய்து, கோல்கொண்டா வைரத்தை ஏற்றுமதி செய்தார்கள். ஜார்ஜ் டவுனில் இன்றும் இருக்கும் பவளக்காரத் தெருவின் பெயர் அந்த வியாபாரத்தின் நினைவாக நிற்கிறது.

இப்படிச் சிதறிய ஜனங்கள் தங்களோடு கொண்டு போனது எது? பொன் இல்லை, நிலம் இல்லை, பாஷை இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டுக் காஸ்தீலிய மொழியை ஹீப்ரு லிபியில் எழுதி, துருக்கிச் சொற்களையும் கிரேக்கச் சொற்களையும் அதில் சேர்த்துக்கொண்டு, லதீனோ என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகப் பேசினார்கள். ஸ்பானிய மொழியில் கடவுளுக்குத் 'தியோஸ்' என்று பெயர். ஈற்றிலுள்ள 'ஸ்' பன்மையைக் குறிக்குமோ என்று அஞ்சி, ஏக தெய்வத்தை வணங்கும் இவர்கள் அந்த ஓரெழுத்தை நீக்கித் 'தியோ' என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குரிய ஸ்பானியச் சொல் கிறிஸ்துவாகிய ஆண்டவரின் நாள் என்று பொருள்படுவதால், அதை விலக்கி, அரபியிலிருந்து 'அல்ஹாத்' என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள். தங்களைத் துரத்தியவர்களின் பாஷையையே தாய்மொழியாகப் பேணியவர்கள், தங்கள் தர்மத்துக்கு ஒவ்வாத ஓரெழுத்தைக்கூட அதில் அனுமதிக்கவில்லை. அவர்களுடைய வீடுகளில் முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் மிருதுவான கேக்குக்குப் 'பான் தெஸ்பான்யா' என்று பெயர். ஸ்பெயின் ரொட்டி என்பது அதன் பொருள். அடுக்களையில் அதைச் செய்யும்போதெல்லாம் அந்தத் தேசத்தின் பெயரை உச்சரித்தார்கள்.

தேசமோ அவர்களை மறந்தே இருந்தது. 1903-ல் ஆங்கெல் புலீதோ என்ற ஸ்பானிய செனட்டர் தான்யூப் நதியில் பிரயாணம் செய்தபோது, சக பிரயாணிகளின் வாயிலிருந்து பழைய காஸ்தீலிய மொழியைக் கேட்டுத் திகைத்துப்போய், தாய்நாடற்ற ஸ்பானியர் என்று அவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதி 1905-ல் வெளியிட்டார். அந்த நூல் எழுப்பிய கிளர்ச்சியின் பலனாகவும், உதுமானிய சாம்ராஜ்யம் மறைந்து அங்கே ஸ்பெயினின் பாதுகாப்பில் இருந்தவர்கள் ஆதரவற்றுப் போன காரணத்தாலும், 1924 டிசம்பர் 20-ஆம் தேதி ஓர் அரச ஆணை பிறந்தது: அத்தகையோர் ஸ்பெயினுக்கு வராமலே பிரஜாவுரிமை பெறலாம், 1930 டிசம்பர் 31 கெடு. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் முன்வரவில்லை. சொந்த ஊரில் நிம்மதியாக வாழும்போது வேறொரு தேசத்தின் காகிதம் எதற்கு என்று பலரும் இருந்திருப்பார்கள்.

அந்தக் காகிதத்தின் விலை 1943-ல் தெரிந்தது. அவ்வாண்டு சலோனிக்காவிலிருந்து 40,000-க்கும் மேற்பட்ட யூதர்களை நாஜிகள் ஆஷ்விட்சுக்கு ரயிலேற்றினார்கள். நானூறு ஆண்டுகள் லதீனோ ஒலித்த தெருக்கள் சில மாதங்களில் ஊமையாகிவிட்டன. ஸ்பானியப் பிரஜைகளாகப் பதிவாகியிருந்த 300-க்கும் மேற்பட்டவர்கள் மாத்திரம் பெர்கன்-பெல்சன் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1944 பிப்ரவரியில் அங்கிருந்து உயிரோடு ஸ்பெயின் எல்லையை அடைந்தார்கள்.

அதே ஆண்டு புடாபெஸ்ட் நகரில் ஸ்பானியத் தூதரகத்தின் பொறுப்பிலிருந்த ஆங்கெல் சான்ஸ் பிரிஸ் என்ற முப்பத்துநான்கு வயது இளைஞர், 1924-ஆம் ஆண்டு ஆணையைச் சுட்டிக்காட்டி, செஃபார்தியரைக் காப்பது தம் நாட்டின் கடமை என்று ஹங்கேரி அரசிடம் வாதாடினார். ஆணையின் கெடு முடிந்து பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது அவருக்குத் தெரியும். 200 பேருக்கு அனுமதி கிடைத்தது. அதை 200 குடும்பங்கள் என்று அவர் ஆக்கினார். பின்பு எந்தப் பத்திரத்திலும் எண் 200-ஐத் தாண்டாதபடி, ஒவ்வோர் எண்ணுக்கும் எழுத்துகளை மாற்றி மாற்றிச் சேர்த்து, பத்திரங்களைப் பெருக்கிக்கொண்டே போனார். வாடகைக்கு எடுத்த வீடுகளில் ஸ்பானியக் கொடி ஏற்றி அவர்களைக் குடிவைத்தார். ஸ்பெயினோடு எவ்வித வம்சத் தொடர்பும் இல்லாதவர்களே அவர்களில் மிகப் பெரும்பாலோர். அவர் புறப்பட நேர்ந்த பின், பெர்லாஸ்கா என்ற இத்தாலியர் தம்மையே ஸ்பானிய அதிகாரி என்று சொல்லிக்கொண்டு அந்தக் காரியத்தைத் தொடர, 5,000-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள். பிரஜாவுரிமை என்ற சொல்லுக்கு இதைவிட உயர்ந்த வியாக்கியானத்தை நான் அறியேன்.

அல்ஹம்ப்ரா சாசனம் 1968-ல்தான் முறைப்படி ரத்தாயிற்று. 1992 மார்ச் 31-ஆம் தேதி, சரியாக ஐந்நூறாம் ஆண்டில், மன்னர் ஹுவான் கார்லோஸ் மாத்ரித் ஜெபாலயத்துக்குச் சென்றார். 2015 ஜூன் மாதத்தில் நிறைவேறிய சட்டம், செஃபார்திய வம்சத்தார் ஸ்பெயினில் குடியிருக்காமலும், இருக்கும் பிரஜாவுரிமையைத் துறக்காமலும் ஸ்பானியராகலாம் என்றது. ரபியின் அத்தாட்சி, குடும்பப் பெயர், காஸ்தீலிய வழக்கப்படி எழுதிய விவாக ஒப்பந்தம், வீட்டில் பேசும் லதீனோ ஆகியவை சான்றாகக் கொள்ளப்பட்டன. அவற்றோடு ஸ்பெயினுடன் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டியிருந்தது. மொழியிலும் அரசியலமைப்பிலும் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. நோட்டரியின் முன் நேரில் தோன்ற வேண்டியிருந்தது. இதற்கும் கெடு இருந்தது: மூன்று ஆண்டு என்றிருந்தது ஓராண்டு நீண்டு, 2019 அக்டோபர் 1-ஆம் தேதி முடிந்தது. ஏறக்குறைய 1,32,000 மனுக்கள் குவிந்தன. பாதிக்கு மேல் கடைசி மாதத்தில் வந்தவை. பிற்பாடு சோதனை கடுமையாகி, ஆயிரக்கணக்கான மனுக்கள் தள்ளுபடியாயின.

துரத்துவதும் திரும்ப அழைப்பதும் அத்தேசத்துக்கு அதோடு நிற்கவில்லை. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தோற்ற குடியரசுக் கட்சியார் மெக்ஸிகோவிலும் பிரான்ஸிலும் சீலேயிலும் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு 2007-லும் 2022-லும் சட்டங்கள் வழி திறந்தன. அந்நியரை மணந்ததனாலேயே பிரஜாவுரிமையை இழந்த ஸ்திரீகளின் பிள்ளைகளுக்கும் பின்னைய சட்டம் நியாயம் செய்தது. அந்த வழிகளும் தேதி குறித்துத் திறக்கப்பட்டவையே.

நிர்வாகத்துக்குக் கெடு தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அநியாயத்தைச் செய்தவன் அதைத் திருத்திக்கொள்வதற்குத் தனக்குத் தானே கெடு விதித்துக்கொள்ளலாமேயன்றி, அநியாயத்துக்கு உள்ளானவனுக்கு விதிப்பது முறையன்று. 1930-ல் கெடு முடிந்த ஆணை 1944-ல் உயிர் காத்ததென்றால், ஒரு மனிதனின் மனச்சாட்சி அந்தத் தேதியைப் பொருட்படுத்தாததே காரணம். எந்தச் சட்டமும் கேட்காதபோதே ஐந்நூறு ஆண்டுகள் தங்கள் பூர்விகத்தை நாவில் வைத்துக் காத்தவர்களுக்கு, 'அல்ஹாத்' என்று ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியின் வாக்கு எந்த நோட்டரியின் முத்திரைக்கும் குறைந்த சாட்சியமாகாது.