மடக்குக்கூரைக் கார்கள்: இலங்கையும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

துணியாலோ றெக்சினாலோ ஆன கூரையை மடித்துப் பின்னால் இறக்கிவைக்கக்கூடிய கார்கள் மடக்குக்கூரைக் கார்கள் எனப்படும். இன்று இவை ஆடம்பரத்தின் அடையாளம். கார்களின் முதல் முப்பது ஆண்டுகளில் நிலைமை நேர்மாறாக இருந்தது. திறந்த காரே எல்லாரும் வாங்கும் மலிவான கார். தச்சர்கள் கட்டிய மூடிய உடலுள்ள கார் பணக்காரருக்கு உரியது. 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் மூடியது. அடுத்த பத்தாண்டில் இந்தக் கணக்கு தலைகீழானது. உருக்குத் தகட்டை அச்சில் அழுத்தி முழு உடலையும் செய்யும் முறை பரவியதும், 1925இல் ஹட்சன் நிறுவனம் தன் மூடிய எஸெக்ஸ் காரைத் திறந்த காரைவிடக் குறைந்த விலைக்கு விற்றதும் இதற்கு முதன்மைக் காரணங்கள்.

உடலமைப்பைக் கொண்டு இவற்றைப் பல வகையாகப் பிரிப்பர். நான்கு பேர் அமரும், கதவில் கண்ணாடி இல்லாத, மழை வந்தால் பக்கத் திரைகளைப் பொருத்திக்கொள்ளும் கார் டூரர். போர்டு மொடல் டி, 1922இல் வந்த ஒஸ்ரின் செவன் ஆகியவற்றின் பழைய முகம் இதுதான். இருவர் அமர்வது ரோட்ஸ்டர். அதன் பின்புற மூடியைத் திறந்தால் சிலவற்றில் வெளியே அமரும் டிக்கி இருக்கை உண்டு. உட்புறம் துணி தைத்த கனமான கூரையும் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் உள்ளது டிராப்ஹெட் கூப்பே. பின்னிருக்கைக்கு மேல் மட்டும் கூரை மடங்குவது லாண்டோலே. பிரித்தானிய வழக்கில் 1919 முதல் 1930 வரை செய்தவை மட்டுமே 'விண்டேஜ்'. இலங்கையில் இச்சொல்லைத் தளர்வாக வழங்குகிறோம். 1950களின் மொரிஸ் மைனரையும் அதற்குள் அடக்கிவிடுகிறோம்.

மட்டக்களப்பில் காரின் வரலாறு நீரைக் கடக்கும் வரலாற்றோடு பிணைந்தது. ஏறாவூரிலிருந்து கல்முனைப் பக்கம் வரை நீளும் வாவி, கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் இரண்டு உலகமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ரயில் 1928இல்தான் நகருக்கு வந்தது. கல்லடியில் வாவிக்கு மேல் கட்டிய இரும்புப் பாலம், 1918 முதல் 1925 வரை ஆளுநராக இருந்த வில்லியம் மானிங்கின் மனைவியின் பெயரைத் தாங்கியது. ஒரு நேரத்தில் ஒரு திசை வாகனமே செல்லும் அந்தப் பாலத்தைத்தான் 2013இல் புதிய பாலம் திறக்கும்வரை கார்கள் நம்பியிருந்தன. பாலமில்லாத துறைகளில் வாகனங்களை ஏற்றிச் செல்வது 'பாதை' எனப்படும் தட்டையான மிதவை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஓடும் பாதை இவற்றில் பெயர்பெற்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இலங்கையில் நடுத்தர வர்க்கத்தின் கார் என்றால் மொரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இது 1948 ஒக்டோபரில் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தபோது இரண்டே உடல்கள்: இரு கதவு சலூனும் டூரரும். முதல் டூரரில் பின்பக்கம் கழற்றும் திரைகள் இருந்தன. 1951இல் அவை நிலையான கண்ணாடிகளாயின, பெயரும் கன்வேர்ட்டிபிள் ஆனது. மைனர்கள் மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல். அவற்றில் மடக்குக்கூரை கொண்டவை 75,000 அளவே. 1969இல் அவற்றின் உற்பத்தி நின்றது. அதாவது பிறப்பிலேயே இது இருபதில் ஒன்று என்ற அளவுக்கு அரிது.

இலங்கையில் பழைய கார்கள் தப்பியது ஆசையால் மட்டும் அல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வறண்டபோது கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இன் பொருளாதாரத் திறப்பு வரை இருக்கிற காரைத் திருத்தி ஓட்டுவதே வழி. வடக்கில் உள்நாட்டுப் போர்க்கால எரிபொருள் தடை அந்த அவசியத்தை இன்னும் நீட்டித்தது. யாழ்ப்பாணத்தில் சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஒஸ்ரின் ஏ40களை ஓட்டினார்கள். அந்த மெக்கானிக்குகளின் கைத்திறன் தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு. ஆனால் தேவை காப்பாற்றுவது உழைக்கும் காரை: வாடகைக்கு ஓடுவதை, ஆறு பேரையும் மூட்டையையும் ஏற்றுவதை. மழையில் ஒழுகும் கூரைக்கு அந்த வரிசையில் முதலிடம் கிடைக்க வாய்ப்பில்லை.

வாவிக்கரையின் இயற்கையும் இத்தகைய காருக்குப் பகை. ஆண்டு மழையின் பெரும்பங்கு வடகீழ்ப் பருவத்தில் ஒருசேரக் கொட்டுகிறது. மீதி மாதங்களில் வெயில் கூரைத்துணியின் தையலை இற்றுப்போகச் செய்கிறது. 1920களின் உடல்களில் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருந்ததால் ஈரமும் கறையானும் உள்ளிருந்தே தின்றன. மைனரில் மரச்சட்டம் இல்லை, தனிச் சேஸியும் இல்லை. உடல்தான் பாரம் தாங்கும் எலும்பு. கூரையை எடுத்துவிட்டால் அந்தப் பாரம் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிவடிவத் தகட்டில் இறங்குகிறது. உப்புக்காற்று முதலில் அரிப்பதும் அதைத்தான். (1961 முதல் சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் அடியில் தனிச் சேஸி இருந்தது. அதன் மூலமான ட்ரயம்ப் ஹெரால்டின் கூரையைப் போல்ட் கழற்றி எடுத்தாலும் கார் தளராது.) 1978 நவம்பர் 23 சூறாவளியும், 2004 டிசம்பர் 26இல் கல்லடி, நாவலடிக் கரைகளில் ஏறிய கடலும் இந்த மெதுவான தேய்மானத்துக்கு அப்பாற்பட்ட அழிவுகள்.

தப்பிய காரின் காலத்தைக் கணிக்க இலக்கத்தகடு உதவும். ஈஎல், ஈஎன், ஈவை போன்ற ஆங்கில எழுத்துகள் 1957இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்படுவதற்கு முந்தியவை. அந்த ஒற்றை எழுத்தை எதிர்த்து வடக்கு, கிழக்குத் தமிழர் தார் பூசிப் போராடியது தெரிந்ததே.

பிரித்தானியாவில் மைனரை நீடித்து உழைக்கும் கார் என்று வாதிட்ட சார்ள்ஸ் வேர், 1990களில் தனபால சமரசேகர என்பவருடன் சேர்ந்து இலங்கையிலேயே அதன் உடல் தகடுகளைச் செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கினார். மைனர் பிறந்த நாட்டுக்கு இங்கிருந்து உதிரிப்பாகம் போனது நம் டிங்கரிங் கைகளுக்குக் கிடைத்த பெருமை. 2020 மார்ச்சில் வந்த இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை நீடித்தது. பழைய கார்களின் மதிப்பை அது மேலும் உயர்த்தியது.

மதிப்பு ஏறும்போது போலியும் வருகிறது. சலூனின் கூரையை அறுத்துத் துணி மாட்டியதை டூரர் என்று விற்பது உலகெங்கும் நடப்பது. 1958க்குப் பிந்திய மைனர் என்றால், இயந்திர அறையின் பின்சுவரில் உள்ள சிறு தகட்டில் எம்ஏடி என்று தொடங்கும் எண்ணைத் தேடவேண்டும். கன்வேர்ட்டிபிள் என்று பெயர் மாறிய பின்னும் மூன்றாம் எழுத்து டூரரையே குறிக்கும். அடுத்து டாஷ்போர்டின் கீழும் கதவுத் தூண்களின் அடியிலும் தொழிற்சாலை வைத்த கூடுதல் வலுத்தகடுகள் இருக்கின்றனவா என்று கைவிட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். கடைசியாகக் காரின் ஒரு பக்கத்தை ஜாக்கில் தூக்கிக் கதவைத் திறந்து மூடலாம். தூக்கும்போது கதவின் இடுக்கு மாறினால் அடித்தகடு தளர்ந்துவிட்டது என்று பொருள். பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் காரை வாங்கக்கூடாது.