டைம்டேபிள் போட்ட மாணவர்கள்

வேலூர் வி.ஐ.டி.யில் பாடம், ஆசிரியர், நேரம் மூன்றையும் மாணவரே தேர்ந்தெடுக்கலாம். எஃப்.எஃப்.சி.எஸ். என்று பெயர். கேட்க சுகமாகத்தான் இருக்கிறது! பதிவு தொடங்கியதும் நல்ல ஆசிரியரின் வகுப்பு நிரம்பிவிடும். மாற்று ஸ்லாட் எடுத்தால் லேபோடு மோதும். அதனால் முன்கூட்டியே கட்டம் போட்டு மோதலைக் கண்டுபிடிக்க 'எஃப்.எஃப்.சி.எஸ். ஆன் தி கோ' போன்ற மென்பொருள்களை மாணவர்களே எழுதினார்கள்.

இதற்கு முன்னோடி சியாட்டில் நகரின் லேக்சைடு பள்ளி. 1971-ல் ஒரு பெண்கள் பள்ளி அதோடு இணைந்ததும் டைம்டேபிள் பெரிய தலைவலியானது. மறுவருடம் அந்த வேலை பில் கேட்ஸ், கென்ட் எவன்ஸ் என்ற மாணவர்களிடம் வந்தது. இரவு பகலாக எழுதினார்கள். மே மாதம் மலையேறப் போன கென்ட் விழுந்து இறந்தான். வயது 17. நண்பனை இழந்த கேட்ஸ், பால் ஆலனைத் துணைக்கு அழைத்து அதை முடித்தார்.

பெண்கள் அதிகமுள்ள வகுப்பில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டாராம். வி.ஐ.டி. மாணவர்களின் மென்பொருளில் அந்த வசதி கிடையாது. இடம் பிடிப்பது அவரவர் பாடு.