பின்வளவு வீடும் அனுமதிப்பத்திரமும்: கலிபோர்னியச் சட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நிலத்தை உடையவன் தன் நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் எவரிடத்து உள்ளது என்னும் வினா, நகர வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், குடியிருக்கும் வீட்டின் பின்வளவில் இன்னொரு சிறு வீடு கட்டுவதற்கான அனுமதி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் சர்ச்சைக்குரியதாக இருந்து வந்துள்ளது. மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து இது சுவர்களையும் சாக்கடைகளையும் பற்றிய சர்ச்சையே. எனினும், அனுமதி என்பது அதிகாரிகளின் தற்றுணிபினால் வழங்கப்படும் சலுகையா, அன்றி விதிகளை நிறைவு செய்வோர் யாவருக்கும் உரிய உரிமையா என்பதே அதன் உள்ளீடாகும்.

தற்றுணிபின் தன்மையை உணர்த்தும் வழக்கொன்று அம்மாநிலத்திலேயே எழுந்தது. 1880 இல் சான் பிரான்சிஸ்கோ நகரம், மரக்கட்டடங்களில் சலவைச் சாலை நடத்துவோர் நகரச் சபையின் அனுமதி பெறல் வேண்டும் என விதித்தது. தீயினின்று நகரைக் காத்தலே அதன் வெளிப்படையான நோக்கம். ஆயின் விண்ணப்பித்த ஏறத்தாழ 200 சீனர் அனைவருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. சீனரல்லாத ஏறத்தாழ 80 பேரில் ஒருவர் நீங்கலாக ஏனையோர் அதனைப் பெற்றனர். 1886 இல் இக் வோ எதிர் ஹொப்கின்ஸ் வழக்கில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், சொல்லளவில் நடுநிலையான சட்டமும் நடைமுறையில் பாரபட்சமாகப் பிரயோகிக்கப்படின் அரசியலமைப்புக்கு முரணாகும் எனத் தீர்த்தது. வீட்டு அனுமதியின் பிற்கால வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இத்தீர்ப்பு ஒரு திறவுகோல் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரங்கள் நிலத்தை வலயங்களாகப் பிரிக்கத் தலைப்பட்டன. 1916 இல் பேர்க்லி நகரம் இயற்றிய வலயச் சட்டம், தனியொரு குடும்பம் வதியும் வீடுகளுக்கென்றே ஒரு வகுப்பினை உருவாக்கியது. அமெரிக்காவில் இத்தகைய ஏற்பாடுகளுள் இது முந்தியவற்றுள் ஒன்றாகும். அடுத்த ஆண்டில், இன அடிப்படையில் குடியிருப்புகளைப் பிரிக்கும் நகரச் சட்டங்கள் செல்லா என உயர் நீதிமன்றம் புக்கானன் எதிர் வோர்லி வழக்கில் தீர்த்தது. ஆயின் 1926 இன் யூக்ளிட் எதிர் ஆம்ப்ளர் தீர்ப்பில், வீட்டின் வகையைக் கொண்டு பிரிக்கும் வலயச் சட்டங்கள் செல்லுபடியாகும் என்றது. தனிவீடுகளிடையே எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணிக்கும் ஒப்பிட்டது. மனிதரைப் பிரித்தல் தடுக்கப்பட்டது, வீடுகளைப் பிரித்தல் அனுமதிக்கப்பட்டது. தனிவீடு வாங்க இயலாதோரை விலக்குவதற்கு இரண்டாவது முறையே போதுமானதாயிற்று. காணி உறுதிகளில் எழுதப்பட்ட இனத்தடை நிபந்தனைகளும் இதற்குத் துணைநின்றன. அவற்றை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என்ற தீர்ப்பு 1948 இலேயே வந்தது.

சட்டம் தடுத்தபோதும் தேவை ஓய்ந்துவிடவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கப்பற்றளங்களையும் விமானத் தொழிற்சாலைகளையும் நாடிப் பெருந்தொகையினர் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தனர். போரின் பின்னரும் இக்குடிப்பெயர்வு தொடர்ந்தது. அனுமதியின்றியே நிலவறைகளும் மோட்டார்க் கொட்டகைகளும் வீடுகளாக மாறின. 1987 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் மேற்கொண்ட ஆய்வு, லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஏறத்தாழ 42,000 கொட்டகைகளில் 2 இலட்சம் மக்கள் வாழ்வதாக மதிப்பிட்டது. இத்தகையோரது நிலை இரங்கத்தக்கது. மின்னிணைப்புப் பழுதென்றோ வெளியேறும் வழி இல்லையென்றோ முறையிடின், அம்முறைப்பாடே அவர்தம் இருப்பிடத்தைப் பறித்துவிடும். பாதுகாப்பின் பேரால் எழுந்த தடை, பாதுகாப்பற்ற வாழ்வையே இவ்வாறு தோற்றுவித்தது.

1982 இல் மாநிலச் சட்டமன்றம் முதன்முறையாகக் குறிப்பிடத்தக்க அளவில் தலையிட்டது. பின்வளவு வீடுகளுக்கென உள்ளூராட்சி மன்றங்கள் தத்தமக்குரிய விதிகளை இயற்றலாம் என்றும், இயற்றாதவிடத்து மாநில விதிகளே பொருந்தும் என்றும் அச்சட்டம் கூறியது. எனினும் கதவைத் திறக்குமாறு பணிக்கப்பட்ட நகரங்கள் பல, வாயிலைக் குறுக்கின. பெரிய காணி, மேலதிக வாகனத் தரிப்பிடம், அயலார் எதிர்ப்புரைக்கும் பகிரங்க விசாரணை என்பன நிபந்தனைகளாயின. 1978 இன் 13 ஆம் பிரேரணை ஆதன வரியைக் கட்டுப்படுத்தியமையால், புதிய கட்டடங்கள்மீது கட்டணம் விதித்து வருவாய் தேடும் போக்கும் வலுப்பெற்றது. சாண்டா மொனிக்கா நகரம், உரிமையாளரில் தங்கி வாழ்வோரும் அவர்களைப் பராமரிப்போருமே இத்தகைய வீடுகளில் வதியலாம் என விதித்தது. 2001 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. வீட்டின் அளவைக் கட்டுப்படுத்துவது வேறு, அதில் வாழ்பவர் யார் என்பதைக் கட்டுப்படுத்துவது வேறு என்ற உண்மை இதனாற் புலனாயிற்று.

2002 இல் இயற்றப்பட்ட திருத்தம் இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். 2003 யூலை முதல், விதிகளுக்கு அமைந்த விண்ணப்பங்களைப் பகிரங்க விசாரணையோ தற்றுணிபோ இன்றிப் பரிசீலித்தல் வேண்டும் என அது பணித்தது. ஆயினும் காணி அளவும் தரிப்பிடமும் கட்டணமும் தடைகளாகவே எஞ்சின. 2016 இன் சட்டங்கள் தரிப்பிட நிபந்தனையைத் தளர்த்தின. 2019 இன் சட்டங்கள் குறைந்தபட்சக் காணி அளவு என்ற தடையை அகற்றியதோடு, 800 சதுர அடிப் பரப்பும் 16 அடி உயரமும் கொண்டு, பக்க எல்லையினின்றும் பின் எல்லையினின்றும் 4 அடி விலகி நிற்கும் வீட்டை எந்நகரமும் தடுத்தலாகாது என்றன. முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாட்களுள் முடிவு கூறாவிடின் அது அங்கீகரிக்கப்பட்டதாகவே கருதப்படும் என்ற ஏற்பாடும் வந்தது. 2016 இல் மாநிலம் முழுவதிலும் ஆயிரத்தைச் சற்றே கடந்திருந்த அனுமதிகள், 2022 இல் 20,000 ஐத் தாண்டின.

தம் சூழலைத் தாமே தீர்மானிக்கும் உள்ளூர் மக்களின் உரிமை இதனாற் பறிபோயிற்று என எதிர்ப்போர் வாதிப்பர். நீர், சாக்கடை, நெரிசல் பற்றிய அவர்களது கவலைகளைப் புறக்கணித்தல் தகாது. எனினும் தீப்பாதுகாப்பும் கட்டட உறுதியும் பற்றிய விதிகள் இன்றும் நிலைபெற்றுள்ளன. நீங்கியது, அயலில் குடியேறத் தக்கவர் யார் எனத் தீர்ப்பளிக்கும் வாய்ப்பேயாகும். சலவைச் சாலை வழக்கு 1886 இல் உணர்த்திய பாடம் வீட்டு அனுமதித் துறையில் விதியாக வடிவு பெறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

ஆயினும் இம்மாற்றத்தின் எல்லையும் மனங்கொள்ளத்தக்கது. புதிய உரிமை காணி உடையோர்க்கே நேரடியாக உரியது. கட்டுவதற்கான முதலோ கடனோ பெற இயலாத உரிமையாளருக்கு அனுமதிப்பத்திரம் வெறும் தாளேயாகும். கொட்டகையில் வாடகைக்கு வாழ்பவரது நிலையோ, அக்கொட்டகை சட்டத்துக்கமைய வீடாகும்போது அவ்வாடகை அவருக்குக் கட்டுப்படியாகுமா என்பதிலேயே தங்கியுள்ளது. தடையை நீக்குதல் சட்டத்தால் இயலும். நீங்கிய தடையின் பயன் எவரைச் சென்றடைகின்றது என்பதைச் சமுதாயத்தின் பொருளாதார அமைப்பே நிர்ணயிக்கின்றது.