சொல்லாமல் விட்ட வாக்கியம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன் ஒருவன் ஒரு கேள்வியோடு வந்தான். ஒரு கூற்று, அது வெளியே சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கும் எடுகோள் எது? இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு சார் என்றான். திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாகாது என்று எனக்குப் பட்டது. இதற்குப் பழைய பாடமே ஒரு மலைதான்.

மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில், அறவண அடிகள் தர்க்கம் சொல்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது: பக்கம். புகை இருப்பதால்: ஏது. அடுக்களை போல: திட்டாந்தம். நாம் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பது இடையில் பேசப்படாமல் கிடக்கிறது. திட்டாந்தம் அதை வெளியே இழுக்கிறது. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரைப் போல என்று மறுபக்கத்தையும் காட்டச் சொல்கிறது. கேட்பவனுக்குத் தெரிந்ததைப் பேச்சாளன் விட்டுவிடலாம் என்றார் அரிஸ்டாட்டில். திக்நாகர் வழிவந்த இந்தப் பௌத்த அளவையில் அந்தச் சலுகை இல்லை.

பிறகு போலிகள் வருகின்றன. ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே புகை என்று வைத்து நெருப்பை நிறுவுவது ஏதுப் போலி 14இல் ஒன்று. பக்கப் போலி 9இல் ஒன்று இன்னும் நுட்பமானது. ஆன்மா அறிவுடையது என்று சாங்கியன் பௌத்தனிடம் வாதாடுகிறான். பௌத்தனோ ஆன்மாவையே ஒப்பாதவன். எடுகோள் எழுவாயிலேயே ஒளிந்திருக்கிறது.

அருணாசலம் என்பதும் அப்படி ஒரு எழுவாய். அசலம் என்றால் அசையாதது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், வ.உ.சி. நகரில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடியது. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டார்கள். அதற்கு முந்தின நாள் யாராவது கேட்டிருந்தால், மலை அசையாது, இதுவரை அசையவில்லையே என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். இதுவரை நின்றது இனியும் நிற்கும் என்ற நடு வாக்கியத்தை உச்சரித்திருக்கமாட்டேன். எதிர்த் திட்டாந்தம் அதே வருஷம் ஜூலை 30இல் வயநாட்டில் கிடந்தது. எல்லோரும் பார்த்தோம். நம் மலையோடு பொருத்திப் பார்க்கவில்லை.

அப்படிப் பொருத்துவதற்கு உபநயம் என்று பெயர். நியாய மதத்தார் அதைத் தனி உறுப்பாக வைத்திருந்தார்கள். அது திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்கிறது மணிமேகலை. இந்த ஓரிடத்தில் மட்டும் அடிகளோடு ஒத்துப்போக என்னால் முடியவில்லை.