தாளத்துக்கு எது வட்டாரம்? சேர்வராயன் மலையிலிருந்து ஒரு விசாரணை

மே மாதம் ஒன்றில், ஏற்காட்டுக்கு ஏறி வந்திருந்த ஒரு தப்பாட்டக் குழுவோடு அரை நாள் இருந்தேன். அவர்கள் ஆடிய நேரத்தைவிடத் தப்பைக் காய்ச்சிய நேரம் அதிகம். மழை ஓய்ந்த மாலை. பனிமூட்டம் இறங்கியதும் தோல் தொய்ந்துவிட்டது. கணீரென்று விழ வேண்டிய அடி தொப்பென்று விழுந்தது. பழைய செய்தித்தாளையும் வைக்கோலையும் கொளுத்தி, தப்பை நெருப்புக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்டார் குழுவின் மூத்தவர். "கீழ ஒருதரம் காச்சுனா தெரு முழுக்க அடிக்கலாங்க. இங்க ரெண்டு அடிக்குத் தாங்க மாட்டேங்குது" என்றார். அதனால் ஒவ்வோர் ஆட்டமும் சுருக்கமாக, விறுவிறுவென முடிந்தது. அன்று ஒலிப்பதிவுக் கருவியோடு ஓர் ஆய்வாளர் வந்திருந்தால், 'சேர்வராயன் மலைப் பாணி: குறுகிய அடிகள், விரைந்த நடை' என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். ஆடியவர்களோ சமவெளிக்காரர்கள்.

கொங்குப் பாணி, தஞ்சைப் பாணி, மதுரைப் பாணி என்று மாவட்டப் படத்தின் மீது தாளங்களை ஒட்டுவது நம் நாட்டார் கலை ஆய்வில் பழகிப்போன வழக்கம். அதைச் சோதிக்கச் சேர்வராயன் மலை நல்ல இடம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வாழும் இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்களின் வழிவழிக் கதை. தனிமைதான் பாணியை உண்டாக்குகிறது என்றால் சேர்வராயனுக்கு ஒன்று, கொல்லிமலைக்கு ஒன்று, பச்சைமலைக்கு ஒன்று என முற்றிலும் வேறான தாளங்கள் இருந்தாக வேண்டும். ஆனால் மலை எப்போது தனித்திருந்தது? 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த நாள்முதல் தோட்ட வேலைக்கு ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவில் குகைக்கோயிலிலுள்ள சேர்வராயன் சாமி முன்னால் மலைக்காரரும் கீழ்நாட்டாரும் கலந்துதான் நிற்கிறார்கள். மலை என்றால் தனிமை என்பது சமவெளியில் உட்கார்ந்திருப்பவர்களின் கற்பனை.

நான் சொல்ல வருவது இதுதான்: ஆட்ட இசையில் பாணியைத் தீர்மானிப்பது ஊரைவிட, மேளத்துக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பம்பையையே எடுத்துக்கொள்வோம். சேலம், தருமபுரிப் பக்கம் ஆடி மாதத்தில் மாரியம்மன் வாசலில் பம்பைக்காரர் அம்மனை வருணித்துப் பாடி அழைக்கிறார். சாமியாடியின் உடம்பில் நடுக்கம் தெரியும்வரை அடி ஏறிக்கொண்டே போகும். எத்தனை சுற்று என்ற கணக்கு கிடையாது. அதே பம்பை தென்மாவட்டத்து நையாண்டி மேளத்தில் இரண்டு நாகசுரத்துக்கும் இரண்டு தவிலுக்கும் துணையாகிவிடுகிறது. அங்கே தாளம் கவனிக்க வேண்டியது தெய்வத்தை அல்ல, கரகாட்டக்காரரின் காலை. தலையில் கரகம் இருப்பதால் மேலுடம்பு அசையாது. துள்ளல் முழுவதும் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது, மேளமும் அங்கேயே போய் நிற்கிறது. தேவராட்டத்தில் பாட்டே இல்லை. தேவதுந்துபி என்னும் மேளம் சொல்வதுதான் அடவு. தப்பு என்றும் சொல்லப்படும் பறையிலோ அடிப்பவரே ஆடுபவர். இடத்தோளில் தொங்கும் கருவியின் பாரம், வலக்கை அடிக்குச்சி, இடக்கைச் சிண்டுக்குச்சி என எல்லாவற்றையும் சுமந்துகொண்டே கால் திரும்ப வேண்டும்.

அயர்லாந்து ஆட்ட இசை ஆய்வும் இதே சிக்கலைச் சந்தித்தது. டோனிகால் பிடிலில் குறுகிய வில்லடி, கார்க்–கெரி எல்லையிலுள்ள ஸ்லீவ் லூக்ராவில் போல்கா, ஸ்லைடு என்னும் ஆட்ட மெட்டுகள் என்று வட்டாரங்களைப் பிரித்தார்கள். போல்கா அங்கே தங்கியதற்கு மண் காரணமல்ல. அந்த ஊர்க்காரர்கள் விடாமல் ஆடிவந்த செட் ஆட்டங்களுக்கு அந்த நடை தேவைப்பட்டது. பிறகு ஸ்லைகோவில் பிறந்த மைக்கேல் கோல்மன் 1920களில் நியூயார்க்கில் இசைத்தட்டுகள் பதித்தார். அவை கடல் தாண்டித் திரும்பி வந்தபோது, ஸ்லைகோ வாசிப்பே அயர்லாந்து வாசிப்பு என்று பல மாவட்டத்து இளைஞர்கள் அதற்கு மாறினார்கள். நம்மிடம் அந்த வேலையை முதலில் செய்தது சினிமா. 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' நையாண்டி மேளத்தைத் தமிழ்க் கிராமத்தின் ஒரே குரலாக்கியது. இன்று பயிற்சிப் பட்டறைகள் அந்த வேலையைத் தொடர்கின்றன. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது நியாயமான பெருமை. ஆனால் வட அமெரிக்காவில் பறை கற்கும் தமிழ்ப் பிள்ளைக்கு மதுரைப் பக்கத்து அடியே பறையின் முழு இலக்கணமாகத் தோன்றக்கூடும்.

இதற்காக வட்டாரப் பாணி அழிகிறதே என்று ஒப்பாரி வைக்க எனக்கு மனமில்லை. பாணியைச் சுமந்தவர்கள் யார் என்று பார்த்தால் குரல் தழுதழுக்காது. டோனிகாலின் பிடில் கலைஞர் ஜான் டோஹர்ட்டி ஊர் ஊராகத் திரிந்து தகரவேலை பார்த்த குடும்பத்தவர். நீலகிரியில் கோத்தர் பழங்குடியினர் தங்கள் கொள், கொம்பு, தபட்டையோடு படகரின் சாவுக்கு வாசித்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் படகர் அந்த உறவை விலக்கினார்கள். ஒரு வட்டாரமே கேட்ட இசை, உண்மையில் ஒரு சிறு சமூகத்தின் ஊழியம். பறையில் இது இன்னும் கொடூரம். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்த சேரிகளில் சில அடிகள் மறைந்திருக்கும். அந்த மறுப்பை இழப்புக் கணக்கில் எழுத ஆய்வாளருக்கு உரிமையில்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையை மேடையில் அடித்தபோது மாறியது வேலைதான். வேலை மாறியதால் அடியும் மாறியது. அதையும் ஒரு பாணியென்றே பதிவுசெய்ய வேண்டும்.

ஏற்காட்டில் அன்று குழுவின் இளையவர் ஒருவர் பைபர் தகடு போட்ட பறை ஒன்றும் வைத்திருந்தார். போல்ட்டைத் திருகினால் போதும், மூட்டத்திலும் தொய்யாது. சேலத்தில் என்ன சுருதியோ இங்கேயும் அதே சுருதி. மூத்தவர் அதை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "சத்தம் இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அணையப்போன நெருப்பில் இன்னொரு பிடி வைக்கோலைப் போட்டார்.