635318657 (எண்)

635318657 (அறுபத்து மூன்று கோடியே ஐம்பத்து மூன்று இலட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தேழு) என்பது ஒன்பது இலக்கங்களைக் கொண்ட ஓர் இயல் எண் ஆகும். இரண்டு நேர் முழு எண்களின் நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக இரு வெவ்வேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் இதுவே.

59⁴ + 158⁴ = 12117361 + 623201296 = 635318657
133⁴ + 134⁴ = 312900721 + 322417936 = 635318657

வரலாறு

இந்த எண்ணைச் சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் லியோனார்டு ஆய்லர் (1707–1783) கண்டறிந்தார். தமிழ்நாட்டின் ஈரோட்டில் பிறந்த கணித மேதை சீனிவாச இராமானுசன் (1887–1920) இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது, அவரைக் காண வந்த ஜி. எச். ஹார்டியிடம் 1729 என்ற எண்ணின் சிறப்பைக் கூறினார். அது இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண்ணாகும் (1³ + 12³ = 9³ + 10³). நான்காம் அடுக்குகளில் இத்தகைய எண் எது என ஹார்டி வினவினார். சற்றுச் சிந்தித்த இராமானுசன், எளிதில் புலப்படும் எடுத்துக்காட்டு எதுவும் இல்லை என்றும், அத்தகைய முதல் எண் மிகப் பெரியதாகவே இருக்க வேண்டும் என்றும் விடையளித்தார். அவர் கூறியது சரியே. இந்த எண் 1729ஐப் போல 3,67,000 மடங்குக்கும் மேல் பெரியது.

பெரியதாக இருப்பதன் காரணம்

நான்காம் அடுக்குகள் கன எண்களை விட மிகவும் அரிதாக அமைந்துள்ளன. 1729க்கு உட்பட்ட கன எண்கள் 12. அவற்றைக் கொண்டு 78 இணைகளை அமைக்கலாம். அதாவது சுமார் 22 எண்களுக்கு ஓர் இணை. 635318657க்கு உட்பட்ட நான்காம் அடுக்குகளோ 158 மட்டுமே. அவற்றால் அமையும் இணைகள் 12,561. எனவே 50,000க்கும் மேற்பட்ட எண்களுக்கு ஓர் இணையே உள்ளது. ஆகவே இரண்டு இணைகள் ஒரே கூட்டுத்தொகையைத் தருவது அரிதாகிறது.

கணிதப் பண்புகள்

பகாக் காரணிகள்: 41 × 113 × 241 × 569. எந்தப் பகா எண்ணும் இருமுறை வராததால், இது வர்க்கக் காரணியற்ற எண்.

இந்நான்கு பகா எண்களையும் 8ஆல் வகுத்தால் மீதி 1 கிடைக்கும். இது தற்செயலானது அன்று. பொதுக் காரணி இல்லாத இரு எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினால் வரும் எண்ணின் ஒற்றைப்படைப் பகாக் காரணிகள் அனைத்தும் இப்பண்பைப் பெற்றிருக்கும்.

வகுஎண்கள் 16. தன்னைத் தவிர்த்த பிற வகுஎண்களின் கூட்டுத்தொகை 25138063 மட்டுமே என்பதால், இது ஒரு குறைவெண்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இதனை 8 வழிகளில் எழுதலாம்.

தொடர்புடைய எண்கள்

இதே பண்புடைய அடுத்த எண் 3262811042 (7⁴ + 239⁴ = 157⁴ + 227⁴). இரண்டு நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக மூன்று வழிகளில் எழுதக்கூடிய எண் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. ஐந்தாம் அடுக்குகளைப் பொறுத்தவரை, இரு வழிகளில் எழுதக்கூடிய எண்ணும் அறியப்படவில்லை. அத்தகைய எண் இல்லை என்பதும் நிறுவப்படவில்லை.